பேரிகேடுக்குப் பிந்தைய பத்து விநாடி

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) ஞாயிறு விடியற்காலை ரோடு பைக்கில் போகும் குழுக்களைக் கொஞ்ச நாள் கவனித்தால் ஒன்று புலப்படும். தன்னைவிட வேகமானவர்களோடு சேர்ந்து ஓட்டப் போனவர், குழு வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் இடத்தில் கழன்றுவிடுவது குறைவு. வேகம் தணிந்து மறுபடி ஏறுகிற இடத்தில்தான் கழல்கிறார். போலீஸ் வைத்த பேரிகேட், உத்தண்டி சுங்கச்சாவடி, சாலையின் குறுக்கே வந்து நிற்கும் மாடு, யு-டர்ன். முன்னால் இருப்பவர் பேரிகேடைத் தாண்டி மிதிக்க ஆரம்பிக்கும்போது கடைசி ஆள் இன்னும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர் வெளியே வருவதற்குள் முன்வரிசை 35 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டிருக்கும்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். வண்டியும் ஆளும் சேர்ந்து 85 கிலோ. 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 38-க்குப் பத்து விநாடியில் ஏற வேண்டுமானால், காற்றையும் டயரின் உராய்வையும் சமாளிக்கத் தேவையானதற்கு மேல் இன்னும் 340 வாட் அளவுக்குக் காலில் இருந்து வந்தாக வேண்டும். பயிற்சியுள்ள பொழுதுபோக்கு ஓட்டுநர் ஒருவரால் இதை ஒருமுறை செய்ய முடியும். மகாபலிபுரம் போய்ச் சேர்வதற்குள் இருபது முறை செய்ய முடியுமா என்பதே கேள்வி. ‘எனக்கு ஸ்பீடு பத்தலை’ என்று வீடு திரும்புகிறவருக்குப் பல நேரம் பற்றாமல் போவது வேகம் அல்ல. ஒரு பாய்ச்சலுக்குப் பிறகு, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த பாய்ச்சலுக்குள் மூச்சு திரும்பும் திறன்தான் அவரிடம் குறைகிறது. அந்தத் திறனைத் தனியாகப் பழக்க முடியும்.

அதற்கு முன் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சமதளத்தில் தனியாக 30 கிலோமீட்டர் வேகத்தில் போக ஒருவருக்கு 160 வாட் தேவைப்பட்டால், 35-க்கு ஏறத்தாழ 235 வாட் வேண்டும். வேகம் ஆறில் ஒரு பங்கு கூடினால் உழைப்பு பாதிக்குப் பாதி கூடுகிறது. காற்றை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதே காரணம். முன்னால் போகிறவரின் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டிப் போனால் இந்தச் சுமையில் பெரும்பகுதி குறையும். நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்ட் பிளோக்கன் குழுவினர் 2018-ல் 121 பேர் கொண்ட நெருக்கமான பெலட்டானை (பந்தயத்தில் திரளாகப் போகும் குழுவை) ஆய்வு செய்தபோது, அதன் நடுப்பகுதிக்குப் பின்னே இருப்பவர்மீது விழும் காற்றுத்தடை, தனியாக ஓட்டுபவர்மீது விழுவதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று கண்டார்கள். ஈசிஆரில் எட்டுப் பத்துப் பேர் போகும் குழுவில் அவ்வளவு கிடைக்காது. மூன்றில் ஒரு பங்கு மிச்சமானாலே பெரிது.

அந்த மிச்சம் கையைவிட்டுப் போவதற்குப் பத்து மீட்டர் இடைவெளி போதும். குழு 38-ல் போகிறது. பின்னால் ஒட்டியிருப்பவர் சுமார் 210 வாட்டில் சமாளிக்கிறார். பத்து மீட்டர் விழுந்துவிட்டது. இருபது விநாடியில் அதை மூட வேண்டுமானால் காற்றில் தனியாக 40 வேகத்தில் போக வேண்டும். அதற்கு 340 வாட் பக்கம் கேட்கும். ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரிடம் அது எங்கே இருக்கும்? இடைவெளி ஒரு சக்கர அளவாக இருக்கும்போதே இரண்டு மிதி கூடுதலாக மிதிப்பது மலிவு. பழகியவர்கள் இதை யோசித்துச் செய்வதில்லை, கால் தானாகச் செய்துவிடும்.

அந்தக் காலை எப்படித் தயார் செய்வது?

வேலைக்குப் போகும் பெரும்பாலோர் செய்வது இதுதான்: கிடைத்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கஷ்டமாக ஓட்டுவது. வியர்க்கும், திருப்தியாக இருக்கும். ஆறு மாதம் கழித்தும் அதே பேரிகேடில் கழன்றுகொண்டிருப்பார்கள். உலகத்தரமான துடுப்புப் படகு வீரர்களும் பனிச்சறுக்கு வீரர்களும் சைக்கிள் வீரர்களும் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று ஆராய்ந்தவர் நார்வேயில் பணிபுரியும் ஸ்டீபன் சைலர். அவர்களின் பயிற்சி அமர்வுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் இலகுவானவை என்பதும், எஞ்சியவை உண்மையிலேயே கடுமையானவை என்பதும் அவர் கண்டது. இரண்டுக்கும் நடுவிலுள்ள ‘கொஞ்சம் கஷ்டம்’ அவர்களிடம் குறைவு. இலகுவான ஓட்டம் என்றால் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். கொழுப்பை எரிபொருளாக்கும் திறனையும், தசைகளுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களையும் வளர்ப்பது அந்த மெதுவான மணிநேரங்கள். பாய்ச்சலுக்குப் பிறகு மூச்சு திரும்புவதும் இந்த அடித்தளத்தின் மேல்தான். இதை ஏற்றுக்கொள்வது சிரமம். ஆப்பில் சராசரி வேகம் 24 என்று பதிவாகும், நண்பர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கடுமையான நாளுக்கு அளவு தெரிய வேண்டும். ஜெர்மனியில் உல்ரிச் ஷோபரர் 1986-ல் எஸ்ஆர்எம் பவர் மீட்டரைக் கொண்டுவந்த பிறகு, சாலையிலேயே வாட் கணக்கில் உழைப்பை அளக்க முடிந்தது. இன்று ஓட்டுபவர்கள் ‘எஃப்டிபி’ என்று சொல்வது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய திறனை. இருபது நிமிடம் முழுமூச்சாக ஓட்டி, அதன் சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். பவர் மீட்டர் இல்லாதவர் நாடித்துடிப்பையும் மூச்சையும் வைத்தே சமாளிக்கலாம். ஆனால் சென்னையில் நாடித்துடிப்பு நம்பகமான சாட்சி அல்ல. மே மாத விடியலில்கூட ஈரப்பதம் அதிகம். வியர்வை உலராது, உடல் குளிராது, அதே உழைப்புக்கு ஒரு மணி நேரத்தில் துடிப்பு பத்துப் பன்னிரண்டு ஏறிவிடும்.

இன்டர்வல்களில் இரண்டு வகை இந்தத் தேவைக்கு நேராகப் பொருந்தும். ஒன்று, எட்டு நிமிடம் கடுமையாக, சில நிமிடம் இலகுவாக, இப்படி நான்கு முறை. சைலரும் சகாக்களும் 2013-ல் பொழுதுபோக்கு ஓட்டுநர்களிடம் சோதித்தபோது, நான்கு நிமிட, பதினாறு நிமிட வகைகளைவிட இந்த எட்டு நிமிட வகை நல்ல பலன் தந்தது. இன்னொன்று, நார்வேயின் பெண்ட் ரோன்னெஸ்டாட் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் உள்ளது: 30 விநாடி கடுமை, 15 விநாடி தளர்வு, இப்படித் தொடர்ச்சியாகப் பதின்மூன்று, மூன்று நிமிட இடைவேளையோடு மூன்று சுற்று. பத்து வாரத்தில் இது ஐந்து நிமிட இன்டர்வல்களைவிட அதிகம் கொடுத்தது. பதினைந்து விநாடியில் முழுதாக மூச்சு திரும்பாது. அரைகுறையாகத் திரும்பிய மூச்சோடு அடுத்ததைத் தொடங்க வேண்டும். பேரிகேடுக்கும் சுங்கச்சாவடிக்கும் நடுவில் நடப்பது அச்சு அசலாக இதேதான்.

வாரத்துக்கு இதில் ஒன்று போதும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை குழு ஓட்டமே இன்னொரு கடுமையான நாள். மிச்ச நாட்கள் மெதுவாக. மூன்று மாதம் பொறுத்தால் வித்தியாசம் தெரியும்.

உடம்பு தயாரானாலும் குழுவுக்குள் இருக்கும் கலை தனியாகக் கற்க வேண்டியது, இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. வலு குறைந்தவர் பயத்தில் கடைசியில் போய் நிற்பார். அதுதான் இருப்பதிலேயே செலவு அதிகமான இடம், முன்னால் நடக்கும் ஒவ்வொரு சிறு தளர்வும் வால்முனைக்கு வரும்போது பெரிய பாய்ச்சலாகிவிடும். மூன்றாவது, நான்காவது இடம் நல்லது. பார்வை முன்னால் இருப்பவரின் சக்கரத்தில் பதியக் கூடாது. அவர் தோளைத் தாண்டி இரண்டு மூன்று பேருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்போதுதான் பிரேக் பிடிக்காமல் மிதியைத் தளர்த்தியே சமாளிக்க முடியும். பேரிகேட் தெரிந்தவுடனே கியரை இறக்கிவிட வேண்டும். கனமான கியரில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்று மிதிப்பவரின் தொடை மகாபலிபுரம் வரை தாங்காது. முன்னால் போய் காற்றை வாங்கும் முறை வந்தால் இருபது விநாடி வாங்கிவிட்டு ஒதுங்குவதில் வெட்கமில்லை. முன்னால் வந்தவுடன் உற்சாகத்தில் இரண்டு கிலோமீட்டர் கூட்டுவதுதான் குழுவைக் குலைப்பது.

பக்கக்காற்று வந்தால் இவ்வளவும் மாறிவிடும். 2013 டூர் டி பிரான்ஸின் 13-வது கட்டத்தில், தூர் நகரிலிருந்து சாந்த் அமான் மோன்ரோன் வரையிலான தட்டையான சாலையில், ஒட்டுமொத்த முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியில் இருந்த கிறிஸ் ஃபுரூம் அல்பெர்ட்டோ கோன்ட்டடோரிடம் 1 நிமிடம் 9 விநாடி இழந்தார். மலை ஏதுமில்லை. கோன்ட்டடோரின் அணி பக்கக்காற்றில் திடீரென்று வேகம் கூட்டியது. பதினான்கு பேர் சாய்வரிசையில், அதாவது காற்றுக்கு மறைவாகச் சாலையின் குறுக்கே சாய்வாக விரிந்து, முன்னால் போய்விட்டார்கள், அந்த டூரையே வென்றவரால் தவறிய சில மீட்டரை மூட முடியவில்லை.

ஈசிஆரில் கடல் காற்று எழுந்துவிட்டால் இதே பாடம் வேறு வடிவில் வரும். தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம்; காற்றுமறைவு கிடைப்பது முன்னவரின் வலப்பின்பக்கம், அதாவது பஸ்ஸும் காரும் பாயும் பக்கம். அங்கே விரிந்து போவது உயிரோடு விளையாடுவது. திரும்பி வடக்கே வரும்போது மறைவு இடப்பின்பக்கம், மணல் படிந்த சாலையோரம். அங்கே இரண்டு மூன்று பேருக்குமேல் இடமில்லை. ஆகவே அனுபவசாலிகள் முட்டுக்காடு பாலத்தின் வெட்டவெளி வருவதற்கு முன்பே மூன்றாவது இடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். டிசம்பரில் வடகிழக்குக் காற்று போகும்போது தள்ளிவிட்டு, வரும்போது முகத்தில் அறையும். போகும் வழியில் 38-ல் பறந்ததைப் பார்த்துத் தன்னை எடைபோட்டவர் திரும்பும் வழியில் தடுமாறுவார்.

மலையில் மறைவு ஏறக்குறைய இல்லை. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் கிலோவுக்கு எத்தனை வாட் என்பதே பேசும். அங்கேயும் ஒரு யுக்தி உண்டு: ஏற்றத்தை முதல் ஆளாகத் தொடங்கி, தன் வேகத்தில் மிதித்து, மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போக விட வேண்டும். குட்டையான ஏற்றமாக இருந்தால் உச்சிக்கு வரும்போது வாலில் இருப்பார், ஆனால் குழுவுக்குள் இருப்பார்.

சாப்பாட்டை மறந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட கடும் ஓட்டத்துக்கு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். பாக்கெட்டில் கடலைமிட்டாயோ பேரீச்சையோ இருந்தாலும், பசித்த பிறகு எடுத்தால் தாமதம். கோவளம் வருவதற்குள் முதல் வாய் உள்ளே போயிருக்க வேண்டும்.

இவ்வளவும் பின்தங்குபவர் செய்ய வேண்டியவை. வேகமானவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதைப் பல குழுக்கள் செய்வதில்லை. பேரிகேடை முதலில் தாண்டியவர் உடனே பாயாமல், கடைசி ஆள் வெளியே வரும்வரை 25-லேயே வைத்திருந்து, பிறகு படிப்படியாக ஏற்றினால், வாலில் இருப்பவரின் 340 வாட் பாதியாகக் குறையும். நல்ல குழுக்களில் யு-டர்ன் அடித்ததும் முன்னவர் திரும்பிப் பார்ப்பார். ‘எல்லாரும் வந்தாச்சு’ என்று பின்னாலிருந்து குரல் வந்த பிறகுதான் கியர் ஏறும்.