பழகும் வானம்

லாபிஸ் வட்டாரத் தோட்டமொன்றில் நான் பால்மரம் சீவப் பழகியபோது, என் தந்தையார் உளியைத் தந்து, விரைவில் வெட்டப்படவிருந்த கிழமரத்தின்முன் என்னை நிறுத்தினார். உளி ஆழப் பாய்ந்தால் மரம் புண்படும். மீண்டும் வளரும் பட்டை முடிச்சு விழும். கிழமரத்திற்கு அந்தக் கவலை இல்லை.

2025 மார்ச் 11இல் ஸ்பியரெக்ஸ் தொலைநோக்கி விண்ணேறிய செய்தி அந்நாளை நினைவூட்டிற்று. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியில், 102 நிறங்களில், வானம் முழுவதையும் அளப்பது அதன் பணி. அது புறப்படுமுன்பே அறிவியலார் கணிப்பொறியில் ஒரு செயற்கை வானத்தைப் படைத்து, அதிலிருந்து மாதிரித் தரவுகளை எடுத்துக் கணக்கிட்டுப் பழகினர்.

வீண்வேலை என்று தோன்றலாம், எனக்கும் தோன்றியது. ஆனால், எந்த விண்மீனை எங்கே, எவ்வளவு ஒளியுடன் வைத்தோம் என்பது படைத்தவர்க்குத் தெரியுமன்றோ? கருவியால் நேரும் குறைகளையும் கலந்து கணக்கிடும்போது விடை பிசகினால், பிழை கணக்கில்தான். மெய்வானத்திற்கோ விடைத்தாள் எவரிடமும் இல்லை. காலமும் குறைவு. 1983இல் விண்வெளியிலிருந்து முதன்முதலாக ஏறத்தாழ முழு வானையும் அகச்சிவப்பில் அளந்த ஐராஸ் செயற்கைக்கோள், குளிர்விக்கும் ஹீலியம் தீர்ந்ததால் பத்தே மாதங்களில் கண்மூடிற்று.

என்னை இளமரத்தின்முன் நிறுத்தத் தந்தையாருக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை நாள்தோறும் என் வெட்டை விரலால் தடவிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுவார்.