தோளில் ஏறிய துண்டு

வடபழனியில் ஆற்காடு சாலையோரம் பேருந்தை விட்டு இறங்கியபோது காலை பத்து மணி. தூக்குவாளியும் பிளாஸ்குமாக ஆஸ்பத்திரிக்குள் போகிறவர்கள், பக்கத்திலிருக்கும் பெரிய வணிக வளாகத்துக்குள் பிள்ளைகளைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறவர்கள் என்று சாலை நிறைந்திருந்தது. நான் தேடி வந்தது ஒரு படிக்கட்டை. அது இங்கே இருக்காது என்று தெரியும். இருந்தாலும் அது நின்ற மண்ணை ஒருமுறை மிதித்துவிட வேண்டும் என்பது பல வருஷத்து ஆசை.

ஒரு காலத்தில் இந்த இடமெல்லாம் விஜயா வாஹினி ஸ்டுடியோ. ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சேர்ந்து வளர்த்த அந்த ஸ்டுடியோவிலிருந்து 1965 பொங்கலுக்கு வந்த படம்தான் ‘எங்க வீட்டுப் பிள்ளை’. என்.டி.ராமராவ் தெலுங்கில் நடித்த ‘ராமுடு பீமுடு’ படத்தின் தமிழ் வடிவம். இயக்கம் சாணக்யா. எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். மைத்துனனாக வரும் நம்பியாரின் சாட்டைக்குப் பயந்து ஒடுங்கிக் கிடக்கும் ராமு ஒருவன். யாருக்கும் அஞ்சாத இளங்கோ இன்னொருவன். ஆள் மாறி வீட்டுக்குள் வரும் இளங்கோ, அதே சாட்டையைப் பிடுங்கி நம்பியாரை விளாசியபடி படிக்கட்டில் ஏறி இறங்கிப் பாடுவார். வாலியின் வரிகள், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை, டி.எம்.எஸ். குரல். பாட்டின் முதல் வரியைச் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ‘சாட்டைப் பாட்டு’.

வளாகத்தின் உள்ளே நகரும் படிக்கட்டு ஏறிக்கொண்டிருந்தது. ஓரமாக நின்று அதையே பார்த்தேன். மனசு அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காட்டுக்குப் போய்விட்டது.

படம் வந்து ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. எனக்கு எட்டு வயது. தரை டிக்கெட். மணலைக் குவித்து மேடாக்கி என்னை அதில் உட்காரவைத்தார் அய்யா. ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. அடிபட்டுத் தேய்ந்த பிரிண்ட். படம் முழுக்க மழை பெய்வதுபோல் கோடுகள். சாட்டை கைமாறிய அந்த நொடியில் கொட்டகையே எழுந்து நின்றது. எழுந்தவர்கள் எல்லோரும் பகலில் யார் முன்னாலோ குனிந்து நின்றவர்கள். அய்யா மட்டும் எழவில்லை. திரை வெளிச்சத்தில் அவர் கண்கள் நனைந்திருந்ததைப் பார்த்தேன்.

அய்யா மாட்டுவண்டிக்காரர். மறுநாள் காலையில் அவருடைய சாட்டைக்கம்பை எடுத்து வந்து திண்ணைப் படியில் ஏறி இறங்கிப் பாடினேன். நம்பியாராக நடிக்கப் பக்கத்து வீட்டுச் சின்னப் பையனைப் பிடித்து நிறுத்தியிருந்தேன். ஒரு அடி நிஜமாகவே விழுந்துவிட்டது. அவன் வீறிட்டு அழுதான். அய்யா ஓடிவந்து சாட்டையை வாங்கிக்கொண்டார். அடிக்கவில்லை. “வாத்தியாரு எதுக்குடா சாட்டையத் தூக்குனாரு? அவரு முதுகுல ஒரு அடியாவது விழுந்துச்சா? அடி வாங்குனது இன்னொருத்தன். அவனுக்காகத்தானடா தூக்குனாரு” என்றார்.

அப்போது எனக்கு அது பிடிபடவில்லை. பிடிபட்டது விருதுநகரில். வத்தல் மூட்டை ஏற்றிக்கொண்டு பேட்டைக்குப் போகும் வண்டியில் நானும் போயிருந்தேன். மண்டி வாசலுக்கு வந்ததும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வது அய்யாவின் வழக்கம். வண்டிக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். அன்றைக்கு ஒரு மூட்டை கிழிந்திருந்தது என்று சொல்லி, சுமை இறக்கிய வயசாளியின் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர் பேசாமல் நின்றார். அய்யா இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார். “மொதலாளி, அந்த மூட்டை வண்டியில ஏத்தும்போதே ஓட்டைதான். நான் பார்த்தேன். பெரியவருக்குக் கூலியக் குடுத்துருங்க.” குரல் உயரவில்லை. கூலி வந்தது. ஆனால் அடுத்த இரண்டு மாசம் அந்த மண்டியிலிருந்து எங்கள் வண்டிக்கு லோடு வரவில்லை. வீட்டில் கேப்பைக்கூழ்தான். அய்யா ஒருநாள்கூட அதற்காக வருத்தப்பட்டதில்லை. துண்டும் அதன்பிறகு எந்த வாசலிலும் தோளைவிட்டு இறங்கவில்லை.

வடபழனியிலிருந்து தியாகராய நகருக்கு ஆட்டோவில் போனேன். ஆற்காடு சாலையில் தொடங்கியவன் ஆற்காடு தெருவில் இறங்கினேன். எம்.ஜி.ஆர். அலுவலகமாக வைத்திருந்த வீடு இப்போது நினைவு இல்லம். செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை; எனக்கு முன்னால் போன அம்மாள் தானாகவே கழற்றி ஓரமாக வைத்தார். நானும் கழற்றினேன்.

அவர் பயன்படுத்திய அம்பாசிடர் கார் நிற்கிறது. டி.எம்.எக்ஸ். 4777. அந்த எண்ணை வந்தவர்கள் வாய்விட்டுப் படிக்கிறார்கள், தெரிந்த வீட்டு விலாசத்தைச் சொல்வதுபோல. ‘அடிமைப்பெண்’ படத்தில் அவரோடு மோதிய சிங்கம் பாடம் செய்யப்பட்டு நிற்கிறது. அந்த அம்மாள் பேரனைத் தூக்கிக் காட்டி, “இதுகூடச் சண்ட போட்டவருய்யா நம்ம வாத்தியாரு” என்றார். பையன் கண்ணை விரித்தான். நூறு நாள், வெள்ளிவிழாக் கேடயங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனை கொட்டகை, எத்தனை மணல்மேடு!

சுவரில் இருக்கும் படங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இலங்கையில் நாவலப்பிட்டியில் 1917-இல் பிறந்து, சிறுவயதிலேயே தகப்பனை இழந்து, படிப்பை விட்டு நாடகக் கம்பெனிக்குப் போனவர். 1936-இல் ‘சதிலீலாவதி’யில் சின்ன வேடம் கிடைத்த பிறகும் கதாநாயகனாக வருவதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர். பசி அவருடைய முதுகிலேயே விழுந்த அடி. முதலமைச்சரான பிறகு 1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தனக்கு விழுந்த அடி இன்னொரு பிள்ளைக்கு விழக் கூடாது என்று நினைத்தவர் செய்த வேலை அது. திரையில் இளங்கோ செய்ததும், மண்டி வாசலில் அய்யா செய்ததும் எனக்கு அதன் பக்கத்திலேயே வந்து நின்றன. பெரியது சின்னது என்று பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

கிளம்பும்போது வாசலில் ஒரு பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, நின்று, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அதன்பிறகுதான் படியேறினார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அய்யா சென்னையைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர். ஒருமுறை இங்கே கூட்டிவந்திருந்தால், மண்டியில் அன்றைக்குத் தோளில் ஏறியபிறகு எந்த முதலாளி முன்னாலும் இறங்காத அந்தத் துண்டு இந்த வாசலில் இறங்கியிருக்கும். இங்கே யாரும் அதைக் கேட்கவில்லை; அதனாலேயே இறங்கியிருக்கும்.