மேசைக்கு அடியில் கை போகாதிருக்க



ஏப்ரல் 15-ஆம் தேதி விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டது முதல், நம் வாலிபர் நால்வர் குருமனைக் கொட்டகையில் ஓய்வுநாள் பள்ளிக்குப் பெஞ்சுகள் செய்துவருவதை அறிவீர்கள். அவர்களுள் ஒருவருடைய இடக்கை விரலில் மூன்று தையல் போடப்பட்டதையும் அறிவீர்கள். தம்பியின் கவனக்குறைவே காரணம் என்று சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அது சரியன்று. பிழை என்னுடையது. அதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

ரூட்டர் என்றவுடன் சிலருக்கு வீட்டு இணையப் பெட்டி நினைவுக்கு வரலாம். நான் சொல்வது தச்சுக் கருவி. அதன் கூரிய பிட் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கும் மேலாகச் சுழன்று மரத்தின் விளிம்பை உருட்டிக்கொடுக்கும். பிள்ளைகளின் கால்களில் பெஞ்சின் கூர்முனை இடிக்கக் கூடாது என்பதற்காகவே அதைத் தேடினோம். நீண்ட பலகைகளுக்குக் கருவியை மேசையின் அடியில் தலைகீழாகப் பொருத்தி, பிட்டை மட்டும் மேலே நீட்டிவிட்டு, பலகையை வலமிருந்து இடமாகத் தள்ளுவதே வசதி. சபையார் ஒருவர் கொடுத்துதவிய அரை அங்குல ரூட்டரை நானே அப்படிப் பொருத்தினேன். பட்டறையைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறேன். பட்டறையில் நின்று பழகியவன் அல்லன்.

அது அமுக்கி இறக்கும் வகை ரூட்டர். அதனுள் இருக்கும் ஸ்பிரிங் மோட்டாரை அடித்தட்டிலிருந்து விலக்கித் தள்ளும். தலைகீழாக மாட்டினால் அந்த ஸ்பிரிங்கும் மோட்டாரின் எடையும் சேர்ந்து கீழேயே இழுக்கும். பிட்டை ஒரு மில்லிமீட்டர் உயர்த்த வேண்டுமானால் மேசைக்குக் கீழே கைவிட்டு, பூட்டைத் தளர்த்தி, மோட்டாரை மேலே உந்த வேண்டும். தம்பி வலக்கையால் உந்தி, இடக்கையால் மேலே ஸ்கேல் பிடித்து அளந்தார். உந்திய உள்ளங்கை சுவிட்சை அமுக்கிவிட்டது. பிளக்கைக் கழற்றிய பிறகே உயரம் மாற்ற வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. வலை பின்னும் கை அது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இந்த உயரம் மாற்றும் வேலைக்கென்றே ரூட்டர் லிஃப்ட் என்ற சாதனம் இருக்கிறது. மேசையின் மேலிருந்தே கைப்பிடியைச் சுழற்றினால் மோட்டார் ஏறும், இறங்கும். கீழே கை போகாது. வாங்கிவிடலாம் என்று தேடத் தொடங்கியபோதுதான் சிக்கல் புரிந்தது. ஜெஸ்செம், கிரெக் போன்ற வட அமெரிக்க நிறுவனங்களின் லிஃப்டுகள் அடித்தட்டிலிருந்து கழற்றக்கூடிய உருளை மோட்டாரை வளையத்தில் இறுக்கிப் பிடிப்பவை. பெரிய மோட்டாருக்கு 4.2 அங்குல வளையம். சிறியதற்கு உள்வளையம் உண்டு. நம் ரூட்டரின் மோட்டாரோ அடித்தட்டை விட்டுக் கழலாது. அந்த லிஃப்டுக்கு ஏற்ற மோட்டாரைத் தேடினால், அங்குள்ளவை 120 வோல்ட்டில் ஓடுபவை. நம் மின்சாரம் 230. சிறிய டிரிம்மருக்கான 65 மி.மீ. லிஃப்ட் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அரை அங்குல பிட்டுக்கு அது உதவாது. டிரைடன் போன்ற சில ரூட்டர்களில் மேலிருந்தே உயரம் மாற்றும் வசதி உடன்பிறந்தது. புதிதாக வாங்குகிறவர் அதையே முதலில் பார்க்கட்டும். இருக்கிற ரூட்டரை ஒதுக்கிவிட்டு மற்றொன்றை வாங்கச் சபைப் பணத்தைத் தொட எனக்கு மனமில்லை.

கார் ஜாக்கியை மோட்டாருக்குக் கீழே வைக்கலாம் என்று வாலிபர்கள் சொன்னார்கள். தோணி கட்டிய கைகளையுடைய ஓடாவிப் பெரியவரிடம் கேட்டேன். அவர் ஜாக்கியைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது படுத்திருக்கும்போது துள்ளும், நிமிர நிமிரச் சோம்பும்” என்றார். உண்மைதான். கத்தரி ஜாக்கி தாழ்ந்திருக்கையில் ஒரு சுற்றுக்கு அதிகமாக ஏறும். உயர உயரக் குறைவாக ஏறும். சுற்றை எண்ணி அளவு வைக்க முடியாது.

“அப்படியானால் என்ன செய்யலாம், அண்ணாச்சி?”

“மரை போட்ட கம்பி ஒன்று கொண்டுவாருங்கள், ஐயா.”

16 மி.மீ. கம்பியின் மரை இடைவெளி 2 மி.மீ. ஒரு சுற்றுக்கு 2 மி.மீ., அரைச் சுற்றுக்கு 1. கம்பி மேசையில் ஒரு துளை வழியே இறங்கும். இடம் பெயராமல் வாஷர்கள் பிடித்துக்கொள்ளும். நட் பொருத்திய பலகையொன்று அதில் ஏறி இறங்கி மோட்டாரைத் தாங்கும். விபத்துக்குக் காரணமான அதே ஸ்பிரிங் இப்போது மோட்டாரைப் பலகையோடு அழுத்திப் பிடிப்பதால் ஆட்டமில்லை. கம்பி ஒரு பக்கமாக இருப்பதால் பலகை சாயும் என்று பெரியவர் இருபுறமும் தேக்குச் சட்டங்களால் தடம் அமைத்தார். அதற்குக் கிரீஸ் வேண்டாம் என்றார், மரத்தூள் ஒட்டிக்கொள்ளுமாம். கிறிஸ்துமஸ் ஆராதனையில் மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைத் தேய்த்தோம்.

நம் ஊரின் உப்புக்காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. சாதாரண இரும்புக் கம்பி சீக்கிரமே துருவேறி இறுகிவிடும். எவர்சில்வர் கம்பியில் எவர்சில்வர் நட் போட்டாலோ, பாரத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஆகவே எவர்சில்வர் கம்பிக்குக் கன்மெட்டல் நட். படகுச் சாமான் கடையும் லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். பணம் என் சொந்தக் கையிருப்பு. கணக்கு கேட்டவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஒரு குறை மீதியிருக்கிறது. விலைக்கு வரும் நல்ல லிஃப்டில் பிட் மாற்றும் இடம்வரை மேசைக்கு மேலே ஏறிவரும். நம்முடையது அவ்வளவு ஏறாது. பிட் மாற்றக் கீழேதான் கை போக வேண்டும். ஆதலால் சுவிட்சை மேசையின் முகப்புக்கு மாற்றி, பிளக்கின் வயரை நீளமாக விட்டிருக்கிறோம். கழற்றிய பிளக் மேசைமேல் எல்லார் கண்ணிலும் படும்படி கிடந்தால்தான் கைப்பிடியையோ பிட்டையோ தொடலாம்.

தையல் பிரித்த மறுநாளே தம்பி வந்துவிட்டார். பிளக்கை எடுத்து மேசைமேல் வைத்தார், என்னைப் பார்த்தார், பிறகு கைப்பிடியை அரைச் சுற்று சுழற்றினார். ஜூன் 14-ஆம் தேதியோடு தடைக்காலம் முடிகிறது. இருபத்திரண்டு பெஞ்சுகளில் ஒன்பதுக்கு விளிம்பு உருட்டியாயிற்று.