பெயர் எழுதப்படாதவர்களின் ஆலயம்

தாராவியிலிருந்தோ மாதுங்கா, செம்பூரிலிருந்தோ மின்சார ரயிலேறி சி.எஸ்.எம்.டி.யில் இறங்கும் தமிழர்கள் பலருக்கு, கொலாபா என்றால் கேட்வே ஆஃப் இந்தியா. அதையும் தாண்டித் தெற்கே, நேவி நகர் பக்கம் போனால் மரங்களுக்கு மேலே ஒரு கூர்கோபுரம் தெரியும். சுமார் 60 மீட்டர் உயரம். முறையான பெயர் புனித யோவான் ஆலயம். மும்பைக்காரர்களுக்கு ‘ஆப்கன் சர்ச்’.

முதல் ஆப்கானியப் போரிலும் சிந்துப் போரிலும் 1838 முதல் 1843 வரை மாண்ட பிரிட்டிஷ் தரப்புப் படையினரின் நினைவாக எழுப்பப்பட்டு, 1858-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம் இது. 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய சுமார் 4,500 படைவீரர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். கூடவே சுமார் 12,000 பணியாளர்களும் குடும்பத்தினரும். பனியும் தோட்டாவும் அந்தக் கூட்டத்தையே அழித்தன.

பலிபீடத்தை ஒட்டிய சுவர்களில் அதிகாரிகளின் பெயர்கள் இருக்கின்றன. சாதாரணச் சிப்பாய்களின் பெயர்கள் இல்லை. காரணத்தைக் கல்வெட்டே சொல்லிவிடுகிறது: எழுத இடம் போதாத அளவுக்கு அவர்கள் அதிகம். துப்பாக்கியைச் சாய்த்து வைக்கப் பள்ளமிட்ட பழைய இருக்கைகளும் உண்டு. வழிபாட்டின்போதும் ஆயுதத்தை விட்டுப் பிரியத் துணியாத காலம்!

இன்று வட இந்தியத் திருச்சபையின் பொறுப்பில் இருக்கும் இந்த ஆலயத்தில் சமாதானத்துக்காக ஜெபிப்பது சுலபமான காரியமில்லை. பகைவனையும் நேசிக்கச் சொன்னவரின் சந்நிதி ஆயிற்றே. பெயரில்லாத சிப்பாயை நினைக்க வேண்டும்; அவனை எதிர்த்துத் தன் மண்ணிலேயே விழுந்த ஆப்கானியனையும் நினைக்க வேண்டும். அந்த இருவர் பெயரும் சுவரில் இல்லை. ஜெபத்தில்தான் இடம் கொடுக்க வேண்டும்.