முகம் காணா அவையில் நகை

அவையில் இருவர் எதிரெதிரே நின்று வாதிடும்போது சொல் பாதி, முகம் பாதி. உதட்டோரத்துச் சிரிப்பும் குரலின் ஏற்ற இறக்கமும் எது விளையாட்டு, எது வினை என்பதைக் கேட்போர்க்கு உணர்த்திவிடுகின்றன. எழுத்தில் அவை இல்லை. கடிதம் எழுதுபவர் பெரும்பாலும் தமக்குத் தெரிந்தவருக்கே எழுதுகிறார். கணினிவழி உரையாடுபவரோ பெயரன்றி வேறெதுவும் அறியாத ஒருவருக்கு, பலர் படிக்கும்படி, சில நொடிகளில் மறுமொழி தந்துவிடுகிறார். கணினித் துறையில் ஆர்வம் கொண்டோர் பல பத்தாண்டுகளாக இத்தகைய அவையில்தான் வாதிட்டு வருகின்றனர். அவர்கள் ஆக்கிய பொறிகளைப் பற்றி நூல்கள் பல உண்டு. அவர்கள் வாதிட்ட முறையும் சிரித்த முறையும் அதே அளவு அறியத்தக்கவை. ஏனெனில், இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதே அவையில்தான் அமர்ந்திருக்கின்றனர்.

பாதரசமும் புன்னகையும்

1982ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலார் தமக்குள் உரையாட மின் அறிவிப்புப் பலகை ஒன்றை வைத்திருந்தனர். அதில் ஒருவர் இயற்பியல் புதிர் ஒன்றை எழுப்பினார். கம்பி அறுந்து தடையின்றி விழும் மின்தூக்கிக்குள் எரியும் மெழுகுவத்தியும் ஒரு துளிப் பாதரசமும் இருந்தால் அவற்றுக்கு என்ன நேரும் என்பது புதிர். மற்றொருவர் அதனை வளர்த்து, அண்மையில் நடந்த ஆய்வினால் கட்டடத்தின் மின்தூக்கி ஒன்றில் பாதரசம் படிந்துவிட்டது, தீயினால் சிறு சேதமும் உண்டு என்று நகையாக எச்சரிக்கை எழுதினார். முன்னைய உரையாடலைப் படிக்காத சிலர் அதனை மெய்யென்றே நம்பினர்.

விளையாட்டை விளையாட்டென்று எப்படி அடையாளம் காட்டுவது என்ற ஆய்வு உடனே தொடங்கிற்று. நகைச்சுவைக்குத் தலைப்பில் உடுக்குறி இடலாம் என்றார் ஒருவர்; விழுக்காட்டுக் குறி இடலாம் என்றார் இன்னொருவர். ஒவ்வொரு குறிக்கும் ஆதரவாளர் தோன்றினர். செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் என்னும் ஆய்வாளர், முக்காற்புள்ளி, சிறு கோடு, மூடும் பிறை அடைப்பு ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இட்டுத் தலையைச் சாய்த்துப் பார்க்குமாறு எழுதினார். சாய்த்துப் பார்த்தவர்க்கு ஒரு சிரித்த முகம் தெரிந்தது. அடைப்பைத் திருப்பிப் போட்டால் வாடிய முகம். இன்று உலகெங்கும் செய்திகளில் மிதக்கும் முகக்குறிகளுக்கு முன்னோடி அந்த மூன்று குறிகளே. முகமில்லா அவைக்கு ஒரு முகம் வேண்டும் என்ற தேவையே அவற்றைப் பெற்றெடுத்தது.

முட்டை உடைத்த கதை

அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே கணினியாளரிடையே மற்றொரு பூசல் முற்றியிருந்தது. ஒரு பெரிய எண்ணைக் கணினி பல பைட்டுகளாகப் பிரித்து வைக்கிறது. அவற்றுள் பெருமதிப்புடைய பைட்டை முதலில் வைப்பதா, சிறுமதிப்புடையதை முதலில் வைப்பதா? தமிழில் 34 என்பதைப் 'முப்பத்து நான்கு' எனப் பெரிய மதிப்பு முன்வரச் சொல்கிறோம். ஜெர்மானியரோ 'நான்கும் முப்பதும்' என்னும் முறையில் சிறியதை முன்வைக்கின்றனர். இரண்டிலும் பிழையில்லை. ஆயினும் ஒரு முறையில் எழுதியதை மற்றொரு முறையில் படித்தால் குழப்பம் நேரும். இரண்டு பைட்டுகளில் 1 என்று எழுதி அனுப்பிய எண், வரிசை மாறிப் படிக்கப்பட்டால் 256 ஆகிவிடும்.

இரு தரப்பினரும் தத்தம் முறையே இயற்கையானது என்று சாதித்தனர். 1980ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிட்டு டேனி கோஹென் என்னும் கணினி அறிவியலார் ஒரு கட்டுரை வெளியிட்டார். புனிதப் போர்களைப் பற்றியும் அமைதிக்கான வேண்டுகோளாகவும் அமைந்தது அதன் தலைப்பு. ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிய 'கலிவரின் பயணங்கள்' நூலில், முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா சிறிய முனையில் உடைப்பதா என்பதற்காக லில்லிபுட், பிளெஃபஸ்கு என்னும் இரு நாடுகள் போரிடுகின்றன. கோஹென் அப்பெயர்களையே கணினியாளர்க்குச் சூட்டி, 'பெருமுனையர்', 'சிறுமுனையர்' என்று அழைத்தார். எந்த முறை சிறந்தது என்பதைவிட, எல்லாரும் ஒரே முறைக்கு உடன்படுவதே முதன்மையானது என்பது அவர் முடிவு.

இக்கட்டுரை விளையாட்டுப்போல் தோன்றினும் அதனுள் இருந்த தொழில்நுட்ப ஆராய்ச்சி கடுமையானது. தாம் போரிடுவது முட்டைக்காகவே என்று உணர்ந்தவன் முகம் சிவந்து நிற்க முடியாது. கோஹென் சூட்டிய கேலிப்பெயர்கள் பின்னர்ப் பாடநூல்களில் ஏறிக் கலைச்சொற்களாகவே நிலைத்துவிட்டன. இணையம் தன் நெறிமுறைகளில் பெருமுனை முறையைக் கைக்கொண்டது. இன்றைய மேசைக்கணினிகள் பெரும்பாலும் சிறுமுனை முறையில் இயங்குகின்றன. இடையில் மாற்றித் தரும் வேலையை மென்பொருள் ஓசையின்றிச் செய்கிறது. போர் முடியவில்லை, அதில் சினம் மட்டும் முடிந்துவிட்டது.

சமயம்போல் ஒரு சண்டை

நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் உரைத்திருத்திகள் பற்றிய வாதமும் இத்தகையதே. 1976ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் பில் ஜாய் 'வி.ஐ.' என்னும் திருத்தியை உருவாக்கினார். கிழக்குக் கரையில் ரிச்சர்டு ஸ்டால்மனின் கைவண்ணத்தில் 'ஈமேக்ஸ்' எழுந்தது. விரல் பழகிய கருவியை விட்டுக்கொடுக்க எந்தக் கைவினைஞரும் ஒப்புவதில்லை. அன்று தொடங்கிய 'எது சிறந்தது' என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை.

ஸ்டால்மன் இவ்வாதத்தையே நாடகமாக்கினார். நீண்ட அங்கி உடுத்தி, பழைய கணினியின் வட்டத்தட்டைத் தலைக்குப் பின்னே ஒளிவட்டமாக அணிந்து, 'ஈமேக்ஸ் திருச்சபை'யின் புனிதராக மேடையேறினார். வி.ஐ. என்னும் எழுத்துகள் ரோமானிய எண்முறையில் 6 ஆகும். அதனை மும்முறை எழுதினால் 666, அதாவது விவிலியம் கூறும் விலங்கின் எண் என்று வேடிக்கை பேசினார். எதிர்த்தரப்பினரும் சளைக்கவில்லை. ஈமேக்ஸ் நல்லதோர் இயக்க அமைப்பு. அதில் ஒரு நல்ல உரைத்திருத்திதான் இல்லை என்றனர். வி.ஐ.யின் வழிவந்த 'விம்' திருத்திக்குள் நுழைந்தவர் வெளியேறும் வழி அறியாது திகைப்பதும் நிலையான நகையாயிற்று. அதிலிருந்து வெளியேறுவது எப்படி என்று இணையத்தில் கேட்கப்பட்ட ஒரு வினா, 2017ஆம் ஆண்டுக்குள் பத்து இலட்சம் முறைக்கு மேல் பார்க்கப்பட்டிருந்தது. திகைத்தவர் தாம் ஒருவர் மட்டும் அல்லர் என்று அறியும் புதியவருக்கு அந்நகை ஆறுதலும் ஆனது.

புறா சுமந்த செய்தி

இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஆவணங்களுக்கு ஒரு பொதுப்பெயர் உண்டு. அதன் பொருள் 'கருத்துரை வேண்டல்' என்பதாகும். 1969ஆம் ஆண்டு அவ்வரிசையின் முதல் ஆவணத்தை எழுதிய ஸ்டீவ் கிராக்கர் அப்போது பட்டமேற்படிப்பு மாணவர். 'இதுவே விதி' என்று ஆணையிடும் தொனி வந்துவிடலாகாதே என்னும் தயக்கத்தில் அவர் அப்பெயரைத் தேர்ந்தார். உலகை இணைத்த விதிகள் ஒரு பணிவான வேண்டுகோளாகத் தொடங்கின.

அதே வரிசையில், பல ஆண்டுகளில் ஏப்ரல் முதல் நாளன்று, நகையாவணங்களும் வெளிவருவதுண்டு. 1990இல் வெளிவந்த ஒன்று, கணினித் தரவுகளைப் புறாக்களின் காலில் கட்டி அனுப்பும் நெறிமுறையை மிகுந்த முறைமையுடன் விளக்கிற்று. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று நார்வே நாட்டின் பெர்கன் நகர லினக்ஸ் ஆர்வலர்கள் அதனைச் செய்தே பார்த்தனர். ஒன்பது செய்திப்பொதிகள் புறாவழி அனுப்பப்பட்டன. நான்கிற்கு மறுமொழி வந்தது. மிக விரைவான மறுமொழிக்கு ஐம்பத்து மூன்று நிமிடங்களுக்கு மேலாயிற்று. செய்முறையில் தேறிய நெறிமுறை என்று அவர்கள் மகிழ்ந்தனர்.

நகை சிலவேளை கூர்மையான குறையிரப்பாகவும் மாறும். 2009இல் தென்னாப்பிரிக்காவில், இணைய வேகம் போதாமையைக் காட்ட விரும்பிய ஒரு நிறுவனத்தார், 4 ஜிகாபைட்டுத் தரவு கொண்ட நினைவட்டையை வின்ஸ்டன் என்னும் புறாவின் காலில் கட்டிப் பறக்கவிட்டனர். பறந்து சேர்ந்து, தரவு கணினியில் ஏற இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாயிற்று. அதே நேரத்தில் கம்பிவழி சென்று சேர்ந்தது 4 விழுக்காடு மட்டுமே. நூறு முறையீடுகள் சொல்லக்கூடியதை ஒரு புறா சொல்லிவிட்டது.

1998ஆம் ஆண்டின் ஏப்ரல் ஆவணம் காப்பிக் கலங்களை இணையவழி இயக்கும் நெறிமுறையைத் தந்தது. தேநீர்க் கலத்திடம் காப்பி கேட்டால், 'நான் ஒரு தேநீர்க் கலம்' என்று பொருள்படும் 418 என்னும் பிழை எண்ணை அது திருப்பி அனுப்ப வேண்டும். நிரலர் பலர் இவ்வெண்ணை விளையாட்டாகத் தம் மென்பொருள்களில் சேர்த்தனர். 2022இல் வெளியான முறையான விதிநூல், இந்நகை பரவிவிட்டமையால் இவ்வெண்ணை இனி வேறு எதற்கும் பயன்படுத்த இயலாது என்று ஒதுக்கி வைத்தது. ஒரு நகைக்கு விதிநூலில் நிலையான இருக்கை கிடைத்தது.

சொல் சுடும் இடம்

இவ்வளவும் நகையின் வெற்றி. அது தோற்கும் இடமும் உண்டு.

1992ஆம் ஆண்டு சனவரி 29 அன்று, ஆம்ஸ்டர்டாம் நகரப் பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம், லினக்ஸ் காலாவதியானது என்று மின்வழி விவாதக் குழுவில் எழுதினார். அவர் கற்பித்தலுக்காக 'மினிக்ஸ்' என்னும் இயக்க அமைப்பை உருவாக்கியவர். லினக்ஸை எழுதத் தொடங்கியிருந்த லினஸ் டோர்வால்ட்ஸோ ஹெல்சிங்கியில் பயின்ற, இருபத்திரண்டு வயது மாணவர். எல்லாப் பணிகளையும் ஒரே கூரையின்கீழ் வைத்த பெருமனை போன்றது லினக்ஸின் அமைப்பு. பணிக்கொரு சிறுமனை கட்டினால் ஒன்றில் பற்றிய தீ மற்றொன்றுக்குப் பரவாது என்பது பேராசிரியரின் வாதம். மனைக்கு மனை ஓடுவதில் காலம் வீணாகும் என்பது எதிர்வாதம்.

மாணவரின் முதல் மறுமொழி சுட்டது. ஓரிரு நாள்களிலேயே தம் சொற்களின் கடுமைக்காக அவர் அதே குழுவில் வருத்தம் தெரிவித்தார். பேராசிரியரும், நீர் என் மாணவராக இல்லாததற்கு மகிழும். இவ்வமைப்புக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைத்திராது என்று எழுதி, அருகே அந்தப் பிட்ஸ்பர்க் சிரித்த முகத்தை இட்டார். தங்கள் உதவி இல்லாமலேயே எனக்கு நல்ல மதிப்பெண் வராதுபோலும் என்று மாணவர் விடையளித்தார். கருத்தில் இருவரும் அணுவளவும் நகரவில்லை. பகை மட்டும் வளரவில்லை.

அதன் பயன் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. லினக்ஸ் தனியொருவர் எழுதியதாக இருக்க இயலாது. அது மினிக்ஸிலிருந்து களவாடப்பட்டிருக்கலாம் என்னும் ஐயத்தை 2004இல் ஒருவர் கிளப்பினார். அதனை முன்வந்து மறுத்தவர் டனன்பாமே. லினக்ஸ் டோர்வால்ட்ஸின் சொந்த உழைப்பே என்று அவர் எழுதினார். முன்னாள் எதிர்வாதியின் சான்றுக்கு நிகரான சான்று வேறில்லை. இன்று ஆண்டிராய்டு கைப்பேசிகளின் உள்ளீடாக லினக்ஸ் இயங்குகிறது. பேராசிரியர் வற்புறுத்திய சிறுமனை முறையும் வாகனங்கள் முதலியவற்றின் இயக்க அமைப்புகளில் வாழ்கிறது.

ஆயினும் டோர்வால்ட்ஸின் பேனா பின்னாளிலும் சுட்டுக்கொண்டே இருந்தது. பங்களிப்பாளர்களுக்கு அவர் எழுதிய வசைகளைச் சிலர் நகைச்சுவையாகத் தொகுத்து மகிழ்ந்தனர். வசையைப் பெற்றவர் மகிழ்ந்திருக்க இயலாது. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் தம் மின்னஞ்சல்களின் கடுமை தகாதது என்று வெளிப்படையாக ஒப்பி, பிறர் உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி நாடுவதாகக் கூறிச் சிறிது காலம் ஒதுங்கினார். அதே மாதத்தில் லினக்ஸ் குழுவும் ஒரு நடத்தை நெறியை ஏற்றது.

நகையின் நிறுவை

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் களன்கள் நான்கனுள் எள்ளலையும் ஒன்றாகச் சேர்த்தார். அவ்வெள்ளல் இருவகைப்படும் என்று உரை வகுத்தார் பேராசிரியர்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டபோது தானும் நகுதல் மற்றொன்று.

கணினியாளர் அவையில் நிலைத்த நகைகளை இந்நிறுவையில் இட்டால் ஓர் ஒழுங்கு புலப்படும். பெருமுனையரும் சிறுமுனையரும் ஒருங்கே சிரிக்கக்கூடிய முட்டைக் கதை நிலைத்தது. தம் கூட்டத்தின் மிகைப்பற்றைத் தாமே நகையாடிய புனிதர் வேடம் நிலைத்தது. தம் விதிநூல்களின் விறைப்பைத் தாமே கேலிசெய்த புறாவும் தேநீர்க் கலமும் நிலைத்தன. தனியொருவரைக் குறிவைத்த வசையோ எய்தவராலேயே திரும்பப் பெறப்பட்டது.

முகம் தெரியாதவரிடம் ஒரு நகையை எழுதி முடித்து, அனுப்பும் பொத்தானைத் தொடுமுன் கேட்கத்தக்க வினா ஒன்றே. இதைப் படிக்கும் எதிர்வாதியும் இதற்குச் சிரிப்பாரா? ஆம் எனில், வாதம் எத்தனை ஆண்டுகள் நீண்டாலும் கேடில்லை. அன்று எனில், சிரித்த முகக்குறி எத்தனை இட்டாலும் அது நகையாகாது.