ஆட்டமும் அடிதடியும்

கனடா, அமெரிக்கா நாடுகளின் தொழில்முறைப் பனிக்கட்டி ஹாக்கிப் பந்தயங்களில் இரு வீரர் கைகலந்தால், பொதுவாக ஐந்து நிமிட நேரம் வெளியே அமர்ந்துவிட்டு மீண்டும் ஆடலாம். சண்டையும் ஆட்டத்தின் ஓர் அங்கமே என்று வாதிப்போர் அங்கு உளர்.

கொல்கத்தாவில் வாழும் நாம் இவ்வாதத்தை ஏற்பதற்கில்லை. 1980 ஆகஸ்டு 16ஆம் நாள் ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கால்பந்து ஆடின. இரு கட்சி ரசிகர்களும் கலந்தே அமர்ந்திருந்தனர். பிதேஷ் போஸ், திலீப் பாலித் என்னும் இரு வீரர்கள் களத்தில் மோதிக்கொண்டனர். நடுவர் இருவரையும் வெளியேற்றினார். ஆயினும் சினம் காலரிகளுக்குத் தாவியது. கல்வீச்சிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் மாண்டனர். ஆட்டம் காணச் சென்ற பிள்ளைகளைப் பிணமாகப் பெற்ற பெற்றோரின் துயரை என்னென்பது!

வெளியேற்றித் தண்டித்த இடத்திலேயே இத்துணைக் கேடு விளைந்ததெனில், சண்டையை விதியே பொறுத்துக்கொண்டால் விளைவு யாதாகும்? வீரன் ஓங்கும் கை அவனோடு நிற்பதில்லை. அவனைத் தெய்வமாய்க் கருதும் இளைஞனின் கையும் உடன் ஓங்குகிறது.

அந்நாளில் இந்நகரத்தார் இரத்ததானம் செய்து மாண்டவரை நினைவுகூர்கின்றனர். நம் இல்லத்துப் பிள்ளைகளும் இன்று இவ்விரு கொடிகளுள் ஒன்றைப் பிடிக்கின்றனர். பிடிக்கட்டும், மாற்றுக் கொடி பிடித்தவனும் தோழனே என்பதையும் நாம் அவர்களுக்குக் கற்பிப்போமாக.