எவ்ளோ குடுக்கும்?

எங்க ஊர்ல புது கார் வாங்கினவரைப் பார்த்தா, முதல் கேள்வி இதுதான்: “எவ்ளோ குடுக்கும்?” அதாவது மைலேஜ். விலைகூட ரெண்டாவது கேள்விதான். கலர், ஏ.சி., டச் ஸ்க்ரீன் எல்லாம் அதுக்கும் பிறகு. மோதினா என்ன ஆகும்னு மட்டும் யாரும் கேட்கமாட்டாங்க. டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கியாச்சு, அப்புறம் எதுக்கு அபசகுனமா பேசிக்கிட்டு?

நானும் கேட்டதில்லை... ஆச்சியோட கை உடையுற வரைக்கும்!

சித்தப்பாவோட பழைய ஹேட்ச்பேக்ல திருநெல்வேலிக்கு ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிட்டு, ராத்திரி தூத்துக்குடிக்குத் திரும்பிட்டு இருந்தோம். வாகைகுளம் தாண்டினதும் ரோட்டோரத்துல ஒரு டிரெய்லர் நிக்குது. லைட் இல்லை, ரிஃப்ளெக்டர் இல்லை. எங்களுக்கு இது புதுசும் இல்லை. ஹார்பருக்குப் போற கன்டெய்னர் வண்டிகள் ராத்திரி பகலா ஓடுற ரோடு அது. சித்தப்பா பிரேக்கை ஏறி மிதிச்சார். கார் கிட்டத்தட்ட நின்னே போச்சு. லேசா ஒரு முட்டு, பானட் நசுங்கினதோட சரி. ஆனா, பின் சீட்டுல நடுவுல உட்கார்ந்திருந்த ஆச்சி அப்படியே முன்னால வந்து விழுந்து, கையை ஊன்றி... மணிக்கட்டு முறிஞ்சிடுச்சு.

“பெல்ட் போடலையா?”ன்னு டாக்டர் கேட்டார். எங்க எல்லார் முகத்துலயும் அசடு. மறுநாள் போய் காரைத் தோண்டிப் பார்த்தேன். ஆமா, தோண்டித்தான்! பின் சீட் பெல்ட்டை மாட்டுற கொக்கி மூணும் சீட் கவருக்கு அடியில பத்திரமா புதைஞ்சு கிடந்தது. கார் வாங்கின நாள்ல இருந்து அதுங்க வெளிச்சத்தையே பார்த்ததில்லை. ஆச்சி இப்பவும் இடது கையாலதான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுது.

2022 செப்டம்பர்ல தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் பக்கத்துல விபத்துல இறந்தாரே, அவர் போனது விலை உயர்ந்த சொகுசு கார். பின் சீட்டுல இருந்த அவர் பெல்ட் போடலைன்னுதான் போலீஸ் சொன்னாங்க. அந்தச் செய்தியை ‘அய்யோ பாவம்’னு படிச்சுட்டு, அதே வாரம் நான் பெல்ட் போடாம பின் சீட்டுல தூங்கிட்டுப் போனவதான்.

இது நடந்து கொஞ்ச நாள்ல அப்பா கார் வாங்கலாம்னு முடிவெடுத்தார். சீட்டுப் பணம் கொஞ்சம், மிச்சம் லோன். எல்லாம் சேர்த்து 7 லட்சம் ரூபாய், அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. “மெக்கானிக்கல் படிக்கேல்ல, நீயே பாருட்டி”ன்னு சொல்லிட்டார். பொறுப்பு வந்ததும் தலை கால் புரியலை!

ஷோரூம் போனோம். சேல்ஸ் அண்ணன் காரோட டச் ஸ்க்ரீனைப் பத்தி மட்டும் இருபது நிமிஷம் பேசினார், அதுவும் அப்பாவைப் பார்த்தே. நான் நடுவுல, “இது எத்தனை ஸ்டார்? பாடி ஷெல் ஸ்டேபிளா?”ன்னு கேட்டேன். “ஆறு ஏர்பேக் இருக்கு மேடம்!”னு சொல்லிட்டு மறுபடி அப்பா பக்கம் திரும்பிட்டார். நான் கேட்டது அது இல்லையே அண்ணே?

கதை இதுதான் பாஸ். 2014-ல குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவுல வித்த 5 சின்ன கார்களை 64 கி.மீ. வேகத்துல மோத விட்டுப் பார்த்தாங்க. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. எல்லாமே ஏர்பேக் இல்லாத ஆரம்ப மாடல். அஞ்சுக்கும் கிடைச்சது பூஜ்யம்! ஆனா ஒரு வித்தியாசம். போலோ, ஃபிகோ ரெண்டும் கூடு குலையாம நின்னுச்சு. அதே போலோவுல ரெண்டு ஏர்பேக் வெச்சு மோதினப்போ 4 ஸ்டார். மத்த மூணுலயும் கூடே மடங்கிப் போச்சு. அதுல ஏர்பேக் வெச்சாலும் பெருசா பலன் இருக்காதுன்னு சொல்லிட்டாங்க. வீடே இடிஞ்சு விழும்போது தலையணை என்ன பண்ணும்?

வேகன் ஆர் 2023 டெஸ்ட்ல வாங்கினது 1 ஸ்டார். அப்போ அதுல ரெண்டு ஏர்பேக் (2025-ல ஆறா மாத்திட்டாங்க). பஞ்ச் 2021-ல 5 ஸ்டார் வாங்கினப்போ அதுலயும் ரெண்டே ரெண்டு ஏர்பேக்தான். 2022-ல டெஸ்ட் விதிகளைக் கடுமையாக்கினதால ரெண்டையும் அப்படியே பக்கத்துல வெச்சு ஒப்பிடக் கூடாது. ஸ்டாரைப் பார்க்கும்போது எந்த வருஷத்து ஸ்டார்னும் பாருங்க. 2023 அக்டோபர்ல இருந்து நம்ம நாட்டுக்கே ‘பாரத் என்கேப்’ வந்தாச்சு. டெஸ்ட்டுக்கு அனுப்பணும்னு கம்பெனிக்குக் கட்டாயம் இல்லை. அதனால, ‘இந்த காரை ஏன் அனுப்பலை?’ன்னும் கேட்கலாம்.

இதை எல்லாம் அப்பாகிட்ட மூச்சு விடாம ஒப்பிச்சேன். அப்பா ஹார்பர்ல ஒரு கிளியரிங் ஆபீஸ்ல வேலை பார்க்கிறவர். பொறுமையா கேட்டுட்டு, “முத்துக் குளிச்ச காலத்துல சிப்பியைத் திறக்காமலேதான் ஆயிரக்கணக்குல ஏலம் விடுவாங்களாம். உள்ள முத்து இருக்கா, வெறும் சதையான்னு வாங்கினவன் வீட்டுக்குப் போய்த்தான் பாக்கணும். நாமளும் இத்தனை நாளா காரை அப்படித்தான் வாங்கியிருக்கோம் போல”ன்னார். அப்பா என் பக்கம் சாயுறார்னு அப்பதான் தெரிஞ்சது.

இன்னொரு கணக்கும் சொன்னேன். வேகம் 64-ல இருந்து 80 ஆனா, மோதுற சக்தி ஒண்ணரை மடங்குக்கும் மேல ஏறிடும். ஆக, 5 ஸ்டார் வாங்கிட்டு நாலு வழிச்சாலையில நூறுல பறந்தா, அந்த ஸ்டாரை நம்பிப் பிரயோஜனம் இல்லை. அம்மா உடனே, “கேட்டீங்களா?”ன்னு அப்பாவை ஒரு பார்வை பார்த்தாங்க.

பட்ஜெட்டுக்காக செகண்ட் ஹேண்டும் தேடினோம். அதுக்குத் துணை எங்க மெக்கானிக் அண்ணாச்சி. மத்த ஊர்ல எஞ்சினைப் பார்ப்பாங்க, நம்ம அண்ணாச்சி முதல்ல கீழதான் குனிவார். உப்பளமும் கடல் காத்தும் இருக்கிற ஊர் இது. இரும்பை சும்மா விடுமா? டிக்கியில ஸ்டெப்னியைத் தூக்கி அடியில துருவைத் தேடினார். மிதியடியைத் தூக்கிப் பார்த்தார். கதவோட கீழ் விளிம்புல ஒரு சின்ன காந்தத்தை வெச்சார்... ஒட்டலை! “பட்டி வெச்சுப் பூசி, மேல பெயின்ட் அடிச்சிருக்கான். கடக்கரைப் பக்கம் நின்ன வண்டி. வேண்டாம் தாயி”ன்னார். காந்தத்தோட உண்மையான உபயோகத்தை ஆறு செமஸ்டர்ல யாரும் எனக்குச் சொல்லித் தரலை. தாங்கிற கம்பியே துருப்பிடிச்சா அஞ்சு ஸ்டாருக்கும் அர்த்தம் இல்லைங்கிறது அவர் கட்சி.

சரி, மைலேஜ்? லேப்ல உருளை மேல ஓட்டி எடுக்கிற கணக்கை நம்பாம, ஓட்டுறவங்ககிட்டயே விசாரிச்சேன். எங்களுக்குப் பிடிச்ச ஸ்டார் கார் ஊருக்குள்ள 15 குடுக்குது, மைலேஜ் கார் 18. நாங்க மாசம் ஓட்டப்போறது 500 கி.மீ. அஞ்சரை லிட்டர் அதிகம் ஆகும். லிட்டர் 100 ரூபாய்னு போட்டா மாசம் 550 ரூபாய். சின்னத் தொகைன்னு சொல்லமாட்டேன், வருஷத்துக்கு 6,600 ஆச்சே. ஆனா, ஆச்சி கைக்கு ஆன செலவை அப்பா ஒரு பேப்பர்ல எழுதி பக்கத்துல வெச்சார். அப்புறம் யாரும் பேசலை.

இடையில ஒரு சந்தோஷம். 2025 ஆகஸ்ட் 4-ல எங்க ஊர் சிப்காட்லயே வின்ஃபாஸ்ட் எலெக்ட்ரிக் கார் ஃபேக்டரியைத் திறந்தாங்க. நம்ம ஊர் கார்னு துள்ளிக் குதிச்சேன். அடுத்த மாசமே விலை வந்தது: விஎஃப்6 ஆரம்பமே 16.49 லட்சம்! “வேலைக்கு வேணா அங்க போ. காரைப் பிறகு பாப்போம்”னு அப்பா முடிச்சுட்டார்.

அதே செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி இறங்கிச்சு. 4 மீட்டர் நீளத்துக்குள்ள, 1,200 சிசி வரைக்கும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீதமும் செஸ்ஸும் போய் 18 ஆச்சு. எட்டாம இருந்த ஸ்டார் கார் 7 லட்சத்துக்குள்ள வந்து நின்னுச்சு. பேர் சொல்லமாட்டேன், விளம்பரம் ஆயிடும். அடிப்படை மாடல்தான். டச் ஸ்க்ரீன் கிடையாது. தங்கச்சி ரெண்டு நாள் என்கூடப் பேசலை.

டெலிவரி அன்னிக்கு சேல்ஸ் அண்ணன், “ஃப்ரீயா சீட் கவர் போட்டுத் தர்றேன் சார்”னார். நான் வாயைத் திறக்கும் முன்னாடியே அப்பா, “வேண்டாம், கொக்கி எல்லாம் வெளிய தெரியட்டும்”னு சொன்னார்.

வீட்டுக்கு வந்து நிறுத்தினதும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி காரைச் சுத்தி வந்தார்.

“எவ்ளோ குடுக்கும்?”

“பதினஞ்சு.”

அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினார். பின் சீட்டுல ஆச்சி பெல்ட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தது. “ஏட்டி, என்னத்துக்கு என்னைக் கட்டிப் போட்டுருக்கீய? வந்து அவுத்து விடுட்டி!”